நாலாவது ஆள்

கிளம்புவதற்கு இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது. மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கலைமதி காரின் பின் கதவைத் திறந்து, சற்று முன் தான் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாள். எடையே இல்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. சீட்டைத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஈரம் இல்லை. பகலெல்லாம் வெயிலில் நின்ற காரின் சூடு மட்டும் உள்ளங்கையில் ஏறியது.

நிரப்ப மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள்.

பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கல் இருந்தது. கறுப்பாக, ஒரு கைக்குள் அடங்கும் அளவில்.

மூன்று பேராகப் பயணம் கிளம்பக் கூடாது என்பது அவள் கணவன் ஜெயக்குமார் வீட்டுப் பழக்கம். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு கல்லை நாலாவது ஆளாக வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். நாளைக்குப் போவது அவள், ஜெயக்குமார், அவன் தங்கை பானுமதி. மாமியார் காலையிலேயே போன் பண்ணி நினைவுபடுத்திவிட்டார். ஸ்ரீரங்கத்தில் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஜெயக்குமார் காவிரிக்குள் இறங்கி ஒரு கல்லைப் பொறுக்கி வந்தான். மே மாதத்துக் காவிரி வெறும் மணல்தான். கல்லைப் பின் சீட்டில் வைத்து, "வாங்க சார், எங்ககூட வாங்க. நாலாவது ஆள் நீங்கதான்" என்று சொல்லி சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டான். கலைமதி சிரித்தாள்.

காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கே.கே. நகரில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஜெயக்குமார் சோபாவில் படுத்திருந்தான். ஸ்பீக்கரில் பானுமதி, எடமலைப்பட்டி புதூரில் இருந்து.

"அண்ணி, நீங்க போட்ட ரூட்டை அண்ணன் வாசிச்சுச்சு. இது டூரா, இல்ல பாத்ரூம் இன்ஸ்பெக்‌ஷனா? முக்கா மணிக்கு ஒருக்கா நிறுத்தணுமாமே?"

"வெயில் காலம் பானு. தண்ணி நிறையக் குடிப்போம்ல."

"இன்னும் கேளு," என்றான் ஜெயக்குமார். "சித்தன்னவாசல்ல ஓவியத்தோட சரி, மலை மேல ஏறக் கூடாதாம். திருமயம் கோட்டையில நாம ரெண்டு பேரும் ஏறணுமாம். இவ கீழ நிழல்ல உக்காந்து முறுக்கு திம்பாளாம்."

"அண்ணிக்கு வயசாயிடுச்சுண்ணே. வீல்சேர் ஏத்திக்க."

கலைமதியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு ஏழு வாரம். இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு தடவையும் கோடு தெரிந்த அன்றே சொன்னாள். மாமியார் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். இரண்டும் நிற்கவில்லை. இந்த முறை ஸ்கேனில் இதயத் துடிப்பைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பது என்று இருந்தாள். சொன்னால் வீட்டைவிட்டு நகர விடமாட்டார்கள். இந்த ஒரு நாளாவது வெளியே போய்வர வேண்டும் போலிருந்தது. அதனால் குண்டும் குழியுமான சாலைகளைத் தவிர்த்து, ஒரு வாரம் உட்கார்ந்து வழி போட்டிருந்தாள்.

"ஏன் கலை, எல்லாம் குளமாவே இருக்கு?"

அவள் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்த ஜெயக்குமார் அதைத் திருப்பிக் காட்டினான். நார்த்தாமலை சுனை. சித்தன்னவாசல் சுனை. புதுக்குளம். திருமயம் கோட்டைக் குளம். காரைக்குடியில் ஏதோ ஓர் ஊரணி.

அவள் போட்டது ஓவியம். மியூசியம். கோட்டை. செட்டிநாட்டு வீடுகள்.

"நீங்க மாத்துனீங்களா?"

"நான் எங்க தொட்டேன்? இப்ப கீழ போறப்பகூட நீதான நோண்டிக்கிட்டே போன."

அது அவளுக்கு நினைவில்லை. தொண்டை வறண்டது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். வறட்சி போகவில்லை.

ஜெயக்குமார் இட்லி வாங்கப் போனான். கலைமதி இரண்டு பாட்டில்களைக் குழாயடியில் விளிம்பு வரை நிரப்பி, மூடியைத் திருகி, இன்னொரு முறையும் திருகிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பார்க்கிங்கில் விளக்கு இன்னும் போடவில்லை. தூண்களுக்கு நடுவே சாம்பல் வெளிச்சம் தேங்கி நின்றது. எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. அது நின்ற பிறகு காருக்குள் இருந்து, சூடான இரும்பு குளிரும்போது வருவது போன்ற சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன. கதவைத் திறந்ததும் எள் வாசனை. ஊறிய எள்.

பாட்டில்களைக் கல்லின் பக்கத்தில் வைத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

தண்ணீர் இறங்கியது. மூடிய பாட்டிலுக்குள், குமிழ் கூட வராமல், ஒரே சீராக இறங்கியது. அரை பாட்டில். கால். பிளாஸ்டிக் நெரிந்து உள்ளே மடங்கியது. பிறகு அடுத்த பாட்டில்.

படித்தது இயற்பியல். காரணம் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை.

கல்லைச் சுற்றி ஒரு புல் முடிச்சு இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். படம் எடுத்து ஸ்ம்ருதிக்கு அனுப்பினாள். ஸ்ம்ருதி கல்லூரித் தோழி, ஸ்ரீரங்கத்துப் பெண், அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது.

"இதை எங்கேருந்துடி எடுத்தே?"

"அவர் காவிரியில எடுத்தார். ஏன்?"

"அது தர்ப்பை. ஒருத்தர் போயிட்டா பத்து நாளும் அவரை ஒரு கல்லுல இருத்தி, தாகத்துக்கு எள்ளும் தீர்த்தமும் விடுவா. அந்தப் பத்து நாள்லதான் போனவாளுக்கு ஒவ்வொரு அங்கமா ஒரு புது உடம்பு உண்டாகும்னு அப்பா சொல்வார். முடிஞ்சதும் கல்லைக் காவேரில விட்டுடுவா." ஸ்ம்ருதி நிறுத்தினாள். "காவேரில இப்போ தண்ணியே இல்லையேடி."

"கூப்பிட்டுட்டாரு. நாலாவது ஆளா வாங்கன்னு."

"யாரைக் கூப்பிட்டார்? ஐயோ. எனக்கு முறையெல்லாம் தெரியாது. அப்பா சந்நிதியில இருக்கார், கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொடாதே. முக்கியமா அதுகிட்ட பேச்சே குடுக்காதே."

ஸ்ம்ருதி போனை வைத்துவிட்டாள். ஜெயக்குமாரை அழைத்தாள். மாடியில் அவன் போன் ஒலிப்பது ஜன்னல் வழியாக இங்கே கேட்டது.

அப்போது அடிவயிற்றில் வலித்தது. மெல்லிய, இழுக்கிற வலி. அவளுக்குத் தெரிந்த வலி. இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

காரைப் பார்த்தாள். கல்லின் மேல் தொளதொளவென்று கிடந்த சீட் பெல்ட் இப்போது முன்னால் தள்ளி, விறைத்து நின்றது. ஒரு மார்பின் அகலத்துக்கு. அதற்குள் எதுவும் இல்லை. கீழே சீட் அழுந்தியிருந்தது. உள்ளே யாரோ வறண்ட நாக்கை மேல் அண்ணத்தில் இருந்து பிரிக்கும் சத்தம் கேட்டது.

மறுபடியும் வலி. கூடுதலாக.

காத்திருக்க முடியாது. யோசித்தாள். ஒரு கணக்கைப் போடுவது போல வேகமாக யோசித்தாள். மூன்று பேர் என்பதால்தான் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இல்லை என்றால் கூப்பிட்டது செல்லாது. உண்மையைச் சொன்னால் போதும். போய்விடும்.

கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை, கணவனிடமும் சொல்லாததை, சத்தமாகச் சொன்னாள்.

"நீங்க வர வேணாங்க. நாங்க மூணு பேர் இல்ல. நாலு பேரு. நான் முழுகாம இருக்கேன். இப்பதான் உடம்பு உண்டாயிட்டு இருக்கு. அதுக்குள்ள இன்னும் யாரும்..."

பெல்ட் தளர்ந்து விழுந்தது.

வலி நின்றது. உடனே, முழுவதும் நின்றது. பார்க்கிங்கில் ஒரு சத்தமும் இல்லை. அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். வயிற்றின் மேல் தொங்கிக்கொண்டிருந்த சுடிதார்த் துணி, உள்ளிருந்து ஒரு வாய் பற்றி இழுப்பது போல, சுருங்கிச் சுருங்கித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.