நாலு கேமராவும் ஒரு டின் முந்திரிக்கொத்தும்

"அம்மா, கேமராவ அணைச்சது ஆரு?"

விடிந்தும் விடியாததுமாக மஸ்கட்டிலிருந்து போனில் வந்த மகனின் முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டியா, முட்டுவலி எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. புட்டுக்குழலை அடுப்பில் வைத்த கையோடு தேவகனி அப்படியே நின்றாள்.

"நான் எதுக்கு மக்களே அணைக்கேன்? வெள்ளிக்கிழமை புது ரௌட்டர் வச்சதில இருந்தே அது அப்பிடித்தான் கிடக்கு..."

"அதெப்பிடிம்மா நாலும் ஒண்ணா போவும்? அவள உள்ள கூட்டிட்டு வரணும்னா நேரடியா சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்ணும் விளக்கம் சொல்லாண்டாம்!"

ஜெப்சன் போனை வைத்துவிட்டான். குழலில் ஆவி வந்தது. தேவகனிக்குக் கண்ணில் நீர் வந்தது.

'அவள்' என்றால் ஜெப்சி. இந்த வீட்டு மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளச்சல்காரன் மரியஜானைக் கட்டிக்கொண்டு போனாள். பையன் கத்தோலிக்கன், அவளுடைய அப்பா ஜெயசிங்கோ சி.எஸ்.ஐ. சபையின் சேகரக் கமிட்டிச் செயலாளர். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்துக்குக் காவலாக முன்வாசல், பின்வாசல், மாடிப்படி, கிணற்றடி என்று நாலு கேமராக்களும் வந்தன. அவள் இந்த வளவில் கால் வைத்தால் தெரிந்துவிட வேண்டுமாம்! கேட்டில் ஒரு எச்சரிக்கைப் பலகையும் மாட்டினார். அதில் எச்சரிக்கையைவிட அவர் பெயரும் பதவியும்தான் பெரிய எழுத்து. படிக்கிற கள்ளனுக்கு முதலில் மரியாதை வரும், பிறகுதான் பயம் வரும்.

வைஃபை பாஸ்வேர்டு அவர் ஒருவருக்கே தெரிந்த ராஜரகசியம். மருமகள் கிரேசிக்குக்கூட போனை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஓட்டுப் போடுவதுபோல மறைத்து மறைத்து அடித்துத்தான் கொடுத்தார். இப்போது புது ரௌட்டர் புதுப் பெயரோடு வந்துவிட்டது. கேமராக்கள் நாலும் பழைய பெயரையே தேடிக்கொண்டு குருடாகிக் கிடந்தன.

இந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமிலிருந்து கிரேசியின் குரல் வந்தது.

"மாமி... பெண்கள் சங்க விற்பனைக்கு வெள்ளிக்கிழமை பொரிச்சு வச்ச முந்திரிக்கொத்துல ஒரு டின்ன காணல்லியே?"

கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. பார்வைதான் தேவகனியின் முந்தானை வரை சோதனை போட்டது. ஜெப்சிக்கு இது ஏழாம் மாதம். ஏழாம் மாதம் தாய்வீட்டுப் பலகாரம் போகவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். போகக்கூடாது என்பது ஜெயசிங் பவனுக்கு மட்டும் தெரிந்த புதுச் சட்டம்.

ஜெயசிங் சவர நுரையோடு ஹாலுக்கு வந்தார்.

"கேமரா கண்ணு மூடின உடனே டின்னு காணாம போவுதுன்னா என்னட்டி அர்த்தம்? ஏட்டி தேவகனி, வேதப்புஸ்தகத்தில கை வச்சுச் சொல்லு, நீ எடுக்கல்லன்னு!"

"வைக்கேன். என்கூட நீங்களும் வையுங்க."

நுரை முகத்தோடு அவர் ஓரடி பின்வாங்கினார்.

"நான்... சத்தியம் பண்ணப்பிடாதுன்னு வேதத்திலேயே எழுதியிருக்கு. கமிட்டிச் செயலாளர் அத மீறப்பிடாது."

"அப்போ செயலாளருக்க பொண்டாட்டி மீறலாம், இல்லியா?" தேவகனி முந்தானையை உதறிக் காட்டினாள். "நீங்க சொன்னீங்கன்னு, வயித்துப்பிள்ளைக்காரி கூப்பிட்ட போனக்கூட எடுக்காம கல்லா இருந்தேனே... எனக்கா கள்ளிப் பட்டம்?"

"எடுத்தது நீதான்னு தெரிஞ்சா, இந்த வீட்டுல உனக்கு எடமில்ல. சொல்லிட்டேன், கேட்டியா!"

கேபிள்காரன் டெனிஷை வரவழைத்தது கிரேசிதான். அவளுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். வீடியோ காலில் கணவனையும் பிடித்து, போனை அலமாரியில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

"இது சின்ன வேலை மாமா," என்றான் டெனிஷ். "பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் புது ரௌட்டருக்குக் குடுத்தா போதும். கேமரா நாலும் தானா வந்து ஒட்டிக்கிடும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"மறந்து போச்சு."

"மாமா, நூத்திப்பத்தொம்பதாம் சங்கீதத்த பாராமச் சொல்லுவீங்க. இது மறந்து போச்சா?" என்றாள் கிரேசி. இப்போது அவளுடைய சந்தேகம் மாமியை விட்டு மெல்ல இடம் மாறியது.

"மறந்து போச்சுன்னா போச்சு! ஏணி வச்சு ஏறி ஒவ்வொண்ணா மாத்துலே!"

தேவகனி கணவனைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்குக் காது நுனி சிவக்கும். இப்போது கழுத்துவரை சிவந்திருந்தது. பெயர் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவர் எந்தப் பெயரைச் சொல்ல இப்படித் திணறுவார்?

"டெனிஷ்..." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஜெப்சின்னு அடி மக்கா. பொறவு அவ பொறந்த வருஷம்."

அந்தப் பெயர் ஹாலில் விழுந்தது.

டெனிஷ் அடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, இணைப்பு கிடைத்துவிட்டது என்று முன்வாசல் கேமராவிலிருந்து ஒரு வெள்ளைக்காரிக் குரல் இங்கிலீஷில் அறிவித்தது. தொடர்ந்து பின்வாசல், மாடிப்படி, கிணற்றடி... மகள் வரக்கூடாது என்று வைத்த காவலுக்கு, மகள் பெயரையே சாவியாக வைத்திருந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இணைஞ்சாச்சு. ஆனா டின்னு போன அன்னைக்குள்ளது கிடைக்காதே?" என்றாள் கிரேசி.

"நெட்டுதானே இல்ல, கரண்ட் இருந்துல்லா? உள்ள இருக்க கார்டுல எல்லாம் பதிஞ்சு கிடக்கும்," என்றான் டெனிஷ்.

"அதெல்லாம் எதுக்குப் பிள்ள!" ஜெயசிங்குக்குத் திடீரென்று கிறிஸ்தவ அன்பு பொங்கியது. "ஒரு டின்னுதானே, மன்னிச்சு விட்டிருவோம்..."

கிரேசி மன்னிக்கவில்லை. டெனிஷ் தன் போனில் திறந்த பதிவை மஸ்கட்டுக்கும் தெரியப் பிடித்து, சனிக்கிழமை காலையைத் தொட்டாள்.

திரையில் பின்வாசல். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் ஒரு விரித்த குடை மெல்ல வெளியே வந்தது. குடைக்குக் கீழே இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி. கக்கத்தில் முந்திரிக்கொத்து டின். கிணற்றடிப் பாசியில் கால் வழுக்கியது, குடை சாய்ந்தது, சேகரக் கமிட்டிச் செயலாளரின் முகம் கேமராவைப் பார்த்து வாய் பிளந்தது.

"அப்பா...?" என்றது மஸ்கட்.

ஜெயசிங் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏழாம் மாசம்லா... அவளுக்கு முந்திரிக்கொத்துன்னா உயிரு... அவ வீட்டு நடையில வச்சுட்டு ஓடி வந்துட்டேன். கதவத் தட்டல்ல... தட்டக் கை வரல்ல தேவகனி!"

"கொண்டு போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல." அவள் அழவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. "கொண்டு குடுத்திட்டு வந்து, நான் கள்ளியா நிக்கத பாத்துக்கிட்டு நின்னீங்களே... அத எந்தக் கார்டுலேருந்து அழிப்பீங்க?"

"மாமி, நானும்..." என்று கிரேசி கையைப் பிடித்தாள். தேவகனி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நல்ல சேலை உடுத்தாள். மீதியிருந்த டின்களில் ஒன்றை எடுத்தாள். குடை எடுக்கவில்லை. முன்வாசலில் நின்று கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"ஜெப்சா, அம்மா குளச்சலுக்குப் போறேன். முன்வாசல் வழியாத்தான் போறேன். நல்லா பாத்துக்கோ!"

"அம்மா... மன்னிச்சிரும்மா..." அலமாரியில் சாய்ந்திருந்த போன் விம்மியது.

கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜெயசிங்கின் ஒரு கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்திருந்தது.

"ஏறு தேவகனி. சேந்தே போவோம்."

"முதல்ல அவளப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. பொறவு ஏறுதேன்." தன் போனில் மகளுக்கு அடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மா!" முதல் மணியிலேயே குரல் உடைந்து வந்தது. "முந்திரிக்கொத்து நீதானே வச்சே? வாசல் வரைக்கும் வந்தவ ஏம்மா உள்ள வரல்ல...?"

எச்சரிக்கைப் பலகையின் கீழே, தன் பெயருக்கும் பதவிக்கும் அடியில், ஜெயசிங் தேம்பினார்.

"ஜெப்சி... மக்களே... அப்பா ஆக்கும்."

தேவகனி முந்தானையால் அந்தக் காய்ந்த நுரையைத் துடைத்துவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

உள்ளே கிரேசியின் போன் மணியடித்தது. முன்வாசலில் ஆள் நடமாட்டம் என்று கேமரா புகார் சொல்லியது. அவள் அதைத் தள்ளிவிடாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.