பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

பாட்டு தொடங்குவதற்கு முன்னிருந்த மௌனத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பாடகியின் மூச்சு இல்லை. இது சின்ன மூச்சு. முடிவில் ஊசிமுனை போல ஒரு விசில். மெத்தை ஒட்டிய சுவர்களும், சூடேறிய கருவிகளின் வாசனையும், வெளிச்சத்தம் எட்டாத கனத்த கதவுமாக இருந்த அந்த அறையில் மாஸ்டரிங் இன்ஜினியர் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அதே விசில்.

பாட்டு வெளியே போகுமுன் கடைசியாகக் கேட்கும் காது அவருடையது. 'அவர் கைபட்டா ஈ பறந்த சத்தம்கூட மிஞ்சாது' என்பார்கள் இசையமைப்பாளர்கள்.

கடல் தாண்டிப் பதிவான பாட்டு. ஆனால் விசில் அவருக்குத் தெரிந்த விசில். பக்கத்து அறையில் இளைப்போடு படுத்திருக்கும் மகளுடையது.

மனைவி கதவைத் திறந்தாள். “ஊர்ப் பாட்டுக்கெல்லாம் காது குடுக்கிறீங்க. உங்க பொண்ணு இழுக்கிறது கேக்குதா?”

“இதோ வரேம்மா. ஒரே ஒரு இரைச்சல். எடுத்து அனுப்பிட்டு வந்துடறேன்.”

இரைச்சலைக் கணினிக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். அதே சத்தம் எங்கிருந்தாலும் தேடித் துடைத்துவிடும். மூச்சிருந்த துண்டைக் காட்டினார். பொத்தானை அழுத்தினார்.

விசில் போயே போய்விட்டது.

“அப்பாடா!” திறந்த கதவு வழியே மனைவியின் குரல். “இழுப்பு நின்னுடுச்சுங்க. சத்தமே இல்லாம தூங்குறா.”

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

துடைத்ததை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்; நல்லது எதுவும் கூடவே போய்விடக் கூடாதே. அதை ஓடவிட்டார்.

இழுப்பு. விசில். இழுப்பு.

பிறகு, காதோரத்தில்: “அப்பா.”

பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். திரை அசையவில்லை.

வாசலில் மகள். கலைந்த தலை, ஒற்றைக் காலில் சாக்ஸ். சிரித்தபடி வந்தாள். காலடிச் சத்தம் இல்லை. வாய் அசைந்தது. குரல் இல்லை. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

ஹெட்ஃபோனில் குழந்தை தேம்பியது.

“அப்பா, நான் இங்க இருக்கேன். அங்க நிக்கிறது யாரு?”

அது அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. சின்னக் கைகள் இரண்டும் மெல்ல உயர்ந்து, அவர் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றின.