பாதி எனக்கு, பாதி உனக்கு

பாஞ்சாலை தன் மகன் பாம்பு கடித்துச் செத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தமிழ்செல்வி சிரித்தாள்.

சிரித்தது அவளுக்கே தெரியாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, தகரக் கொட்டகையில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவள் அவள். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் கூட்டம் நெரிந்தது. கிழவி சொல்லச் சொல்ல நெஞ்சு கனத்து, குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளைக் கிழவியின் குரல் நிறுத்தியது.

"இன்னாம்மா சிரிக்கற?"

"நானா? சிரிக்கலயே ஆயா."

"பல்லு தெரியுது! எம் புள்ள போயிட்டான்னு சொல்றேன், உனுக்கு சினிமா பாக்கற மாதிரி இருக்குதா? குடு அந்தக் காயிதத்த. வேற ஆளாண்ட எழுதிக்கறேன்."

கிழவி தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். தமிழ்செல்வி வாயைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு ஓரமும் மேலே ஏறி, தூண்டில் மாட்டியது போல இறுகியிருந்தன. விரலால் கீழே இழுத்தாள். விரலை எடுத்ததும் மறுபடி ஏறின.

ஊசிதான் காரணம் என்று நினைத்தாள். வியாழக்கிழமை போட்டது.

போட்டவள் கூடப்பிறந்த தங்கை வினோதினி. திருவண்ணாமலை டவுனில் தனியாக ரூம் எடுத்துத் தங்கி, ஒரு தோல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். முகச் சுருக்கம் போக்கும் மருந்து என்று கட்டை விரல் அளவு பாட்டில் ஒன்றை ஐஸ் டப்பாவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள்.

"டாக்டர் போடறத தெனம் பாக்கறேன்க்கா. பயப்படாத. தொறந்துட்டா வச்சிக்க முடியாது, அதனால பாதி எனக்கு, பாதி உனக்கு."

"வேணான்டி. இந்த வயசுல எனக்கு எதுக்கு?"

"போன மாசம் கோயில்ல பூக்காரி மாமாவாண்ட 'ஒங்கம்மாவுக்குப் பூ வாங்கிக் குடுப்பா'ன்னு சொன்னாளே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றிலிருந்து புருஷன் இளவரசன் அவளோடு எங்கேயும் வருவதில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைப் பார்த்துத்தான் பேசினான். அவன் ஒருமுறை தன் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வினோதினி முதலில் பீரோ கண்ணாடியைப் பார்த்தபடி தனக்குக் குத்திக்கொண்டாள். நெற்றியில், புருவ நடுவில், கண்ணோரத்தில், வாயோரத்தில். பிறகு அதே ஊசியோடு திரும்பினாள். தமிழ்செல்வி ஊசியைப் பார்த்தாள்.

"கூடப்பொறந்தவதானே? எங்கிட்ட இருந்து உனக்கு என்னா ஒட்டிக்கப் போவுது?" என்று வினோதினி சிரித்தாள். "மூணு நாலு நாள் ஆவும், புடிக்க."

இப்போது பிடித்துவிட்டது போலும்.

மேசையை மடக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். புதிதாகக் கட்டிய வீடுகளும் முள் முளைத்த காலி மனைகளுமாக இருந்த தெருவில் உச்சி வெயில் மட்டும் நின்றது. கதவைத் திறந்ததும் காலையில் தாளித்த கடுகின் வாசனையும், மூடிய சன்னல்களின் புழுக்கமும், பிரிட்ஜின் ஓயாத முனகலும் அவளைச் சூழ்ந்துகொண்டன. இருட்டு அறையில் நீளமாகப் பளபளத்துக்கொண்டிருந்த பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

முகம் அழகாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட மாதிரி. புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். அசையவில்லை. முகத்தைச் சுளித்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. சரி, மருந்து வேலை செய்கிறது என்று திரும்பப் போனபோது, கண்ணாடியில் இருந்த உதடுகள் குவிந்து ஊதின.

கையில் டீ இல்லை, எதுவும் இல்லை. ஆனால் உதடுகள் மூன்று முறை ஊதிவிட்டு, உறிஞ்சி, சூடு பட்டதுபோல் சுளித்தன. பிறகு தாடை எதையோ மென்றது. முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ பேசுவதைக் கேட்பது போல. இடது புருவம் மட்டும் தனியே மேலே ஏறியது.

தமிழ்செல்விக்கு அப்படி ஏற்றத் தெரியாது. எட்டு வயதில் வினோதினி அதைச் செய்து காட்டிச் செய்து காட்டி அவளை வெறுப்பேற்றியிருக்கிறாள்.

அவள் கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தாள்.

உதடுகள் மூடின. திறந்தன. மறுபடி மூடின. திறந்தன.

மாமா.

சத்தம் இல்லை. ஆனாலும் வேறு எந்தச் சொல்லாகவும் அது இருக்க முடியாது. புருஷனை அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அவனை மாமா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். மச்சினிச்சி கூப்பிடுகிற முறைதான், தப்பில்லை. ஆனால் இப்படி, கண் பாதி சொருகி, இவ்வளவு மெதுவாக அவள் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். எதுக்கு?" என்றான் இளவரசன். கீழ்பென்னாத்தூரில் அவனுக்கு உரக்கடை. "லோடு எறங்குது. கூட்டம் வேற ஜாஸ்தி. அப்புறம் பேசறேன்."

லாரிச் சத்தம் இல்லை. ஆள் சத்தம் இல்லை. ஒரு மின்விசிறி மட்டும் டக், டக் என்று சுற்றியது. கண்ணாடியில் அவளுடைய கன்னங்கள் உப்பின. மேல்பல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டது. வெடித்து வரும் சிரிப்பை யாரோ அடக்கினார்கள், அவளுடைய முகத்தில்.

அவள் அழுதாள். அடக்கிய சிரிப்பின் மேல் கண்ணீர் வழிந்தது.

அழுது முடித்தபோது ஒன்று புரிந்தது. அந்தப் பக்கம் சும்மா இருக்கும்போது வாய் தன் பேச்சைக் கேட்கிறது. போதும். அவன் வரட்டும். முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். 'மத்தியானம் நீங்க வினோதினி ரூம்லதானே இருந்தீங்க?' காலி வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள்.

ஐந்தரைக்கு வண்டிச் சத்தம். இரண்டு பேர் இறங்கினார்கள்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தா. ஏத்திக்கினு வந்தேன்" என்றான் இளவரசன். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன் தமிழ்செல்வியைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு, நின்று, முகத்தைப் பார்த்தான். "பரவால்லியே. ஆளே மாறிட்ட."

அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய முகத்தை அல்ல.

வினோதினி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் புது மல்லி.

"மத்தியானம் நீங்க வினோ..."

வாய் மூடிக்கொண்டது.

எதிரே வினோதினி தன் உதடுகளை அழுத்தி மூடியிருந்தாள். சிரமமே இல்லாமல். ஊக்கை உதட்டில் கடித்துக்கொண்டு புடவை கட்டுகிறவளைப் போல.

"இன்னா, சொல்லு" என்றான் இளவரசன்.

"ம்ம்... ம்ம்..."

"தலவலியா?"

தமிழ்செல்வி விரலை விட்டுத் தன் உதடுகளைப் பிரித்தாள். பல் கிட்டித்திருந்தது. வினோதினி அவளையே பார்த்தாள். இடது புருவம் ஏறியது. இவளுக்கும் ஏறியது.

வினோதினிக்குத் தெரியும். ஊசியோடு திரும்பினாளே, அப்போதே தெரியும்.

வினோதினி மெல்லக் கண்ணை மூடினாள்.

இருட்டு.

தமிழ்செல்வி இமையை நகத்தால் பிரித்தாள். நிற்கவில்லை. மல்லி வாசனை. மின்விசிறிக் காற்று. எதிர் நாற்காலி நகரும் சத்தம். தமிழ்செல்வி தன் பலத்தையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து அலறினாள். அந்த நேரத்தில் வினோதினி பேச வாயைத் திறந்தாள். அலறல் வெளியே வந்தது, தங்கையின் சொல்லாக.

"மாமா" என்றன இரண்டு குரல்களும். "கண்ணுல தூசி வுழுந்துட்ச்சி. கையப் புடிச்சி உள்ள இட்டுனு போங்க."

இளவரசன் சிரித்தான். "இன்னாடி இது, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றீங்க? ஒத்திகை பாத்தீங்களா?"

வளையல் சத்தம். தமிழ்செல்வியின் கையை யாரும் பிடிக்கவில்லை. ஒருவர் நடக்க, ஒருவர் தடவித் தடவிப் பின்தொடரும் காலடிகள். உள் அறையின் தாழ்ப்பாள்.

எழுந்து ஓடினாள். நாற்காலி இடறியது. விழுந்தாள். கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தாள்.

கூடத்தின் வெறும் தரையில், கண்ணை மூடியபடி, அவளுடைய உதடுகள் யாருமில்லாத காற்றை நோக்கி மெல்லக் குவிந்தன.