ஊதா வட்டத்தில் ஒரு விரல்தடம்

மழைக்கு அன்றைக்கு அவள்மேல் என்ன கோபமோ... அவள் அலுவலகப் படியிறங்கும் வரை அடக்கி வைத்திருந்துவிட்டு, பஸ் நிறுத்தம் கண்ணில் படும் நேரமாகப் பார்த்துக் கொட்டத் தொடங்கியது.

ஓடினாள் என்று சொன்னால் பொய். ஓடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. நனைந்துகொண்டே நடந்து வந்து நிழற்குடைக்குள் நின்றாள். பகல் முழுக்க ஃபோனில் அடுத்தவர் திட்டுவதைக் கேட்கிற வேலை அவளுக்கு. வாஷிங்மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை, மெக்கானிக் வரவில்லை... எல்லாவற்றுக்கும் இவள்தான் காரணம் என்பதுபோல் கத்துவார்கள். 'உங்க குறையைப் பதிவு பண்ணிட்டேன் சார்' என்று சொல்லிச் சொல்லி, தன் குறையை யாரிடமும் சொல்லும் வழக்கமே அவளுக்கு விட்டுப் போயிருந்தது.

கைப்பைக்குள் குரோஷா ஊசியைத் துழாவினாள். அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நடுவில் ஊதா வட்டம்... அதைச் சுற்றிக் கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஒவ்வொரு வளையமாக விரிந்து, ஓரத்தில் சிவப்பு. ஒரு வானவில்லை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்காக. அம்மா சூடான டம்ளரை அப்படியே வைத்து வைத்து, அந்த மேஜை முழுக்க வெள்ளை வளையம் விழுந்துவிட்டது.

ஊசி கைக்கு வந்தது. கூடவே ஊதா நூல்கண்டும் எகிறிக் குதித்துச் சேற்றைப் பார்த்து உருண்டது. அய்யோ... போச்சு...

ஒரு செருப்புக்கால் அதை வழிமறித்தது.

"ஏங்க... காலாலயா நிறுத்துவீங்க?"

"ரெண்டு கையிலயும் டின் இருக்குங்க. பல்லால கவ்விக் கொடுக்கச் சொல்றீங்களா?"

அவன் ஒரு டின்னைக் கீழே வைத்தான். நூல்கண்டை எடுத்துச் சட்டையில் ஒரு தேய் தேய்த்து நீட்டினான். வாங்கிப் பார்த்தாள். ஊதாவின்மேல் பழுப்பாக ஒரு கட்டைவிரல் தடம்!

"அச்சச்சோ... மர பாலிஷுங்க. கையில இருந்தது ஒட்டிக்கிச்சு."

"துவைச்சா போயிடும்ல?"

"எத்தனையோ வருஷமா என் கையை விட்டே போகலைங்க."

அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த வாய்க்குக் குறும்புக் கண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை... களைத்துப்போன கண்கள். இமையோரம் மழைத்துளி நிற்க, நாள் முழுக்க நின்று வேலை செய்தவன் உட்கார இடம் தேடுகிற மாதிரி ஒரு பார்வை. இந்தச் சோர்வு அவளுக்குத் தெரிந்த சோர்வு. தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதானே!

அவன் பார்வை அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த கோஸ்டரில் விழுந்தது. "அழகா இருக்கு. என்ன அது... கிண்ணமா?"

"கோஸ்டர். டம்ளர் வைக்கிறது."

"இதுலயா? வச்சா டம்ளர் குப்புற விழுந்துடாது?"

உண்மைதான். அதனால்தான் சுருக்கென்றது. தையலை இறுக்கிப் பின்னினால் ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். வேலை முடிந்த கையோடு ஊசியை எடுத்தால் அவளுக்குக் கை தானாக இறுகிவிடும். எத்தனை பின்னினாலும் தட்டையாக ஒன்று வந்ததில்லை.

"என் டம்ளர்தானே விழும்? நான் எடுத்து வச்சுக்கறேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் பேசாமல் உட்கார வேண்டியதுதானே? மழை வழிந்த ஜன்னலைக் கையால் துடைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்...

அன்று வீட்டுக்கு வந்ததும் கறை பட்ட நூலை வெட்டியெறியக் கத்தரிக்கோலை எடுத்தாள். ஏனோ வெட்டவில்லை. அந்த இடத்திலிருந்தே புது வட்டத்தைத் தொடங்கிப் பின்னி முடித்துவிட்டுத்தான் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அதே இரண்டு டின்.

"நீங்களா!"

"அட... நூல்கண்டு!"

"பாலிஷ்காரத் தம்பியா? உள்ள வாப்பா," என்று கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் கதவுகளுக்கு பாலிஷ் போட்டவனை அம்மாதான் வரச் சொல்லியிருக்கிறாள்.

ஆறு பேர் உட்காரும் மேஜை அது. அப்பா இருந்தவரை இடம் போதாமல் அக்கா தம்பிகளுக்குள் அடிதடி நடக்கும். அப்பா போய்ச் சேர்ந்தார். அக்காக்கள் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள். தம்பி வேலை என்று கடல் கடந்தான். மிச்சம் அம்மாவும் அம்மாவின் முட்டிவலியும் இவளும். 'அம்மாவை எங்கயாவது விட்டுட்டு வா, கல்யாணம் பண்ணிக்கலாம்' என்று சொன்ன ஒருவன் இவள் வாழ்க்கையில் இருந்தான். விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். சில மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். அத்தோடு அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டாள். உறவுக்காரர்கள் 'பாவம் இந்தப் பொண்ணு' என்று உச்சுக்கொட்டும்போது மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய பரிதாபமும் எனக்கு வேண்டாம்... சோறு இறங்காது.

அவன் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் வளையங்களையெல்லாம் அழித்தான். பாலிஷ் பூசி முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மேல எதையும் வச்சுடாதீங்க. தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். மேலதான் காஞ்சிருக்கும்... உள்ள ஈரம் அப்படியே இருக்கும்."

மேஜையைத்தான் சொன்னான். ஆனால் பார்வை மேஜைமேல் இல்லை. அவளுக்குக் காது மடல் சூடானது. அந்தக் கோபத்தில், "எங்களுக்கும் தெரியும்," என்று கதவைச் சாத்தினாள்.

என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மாலையில் தொட்டுப் பார்த்தாள்... நன்றாகத்தான் காய்ந்திருந்தது. 'இவரு பெரிய இவரு' என்று மனசுக்குள் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, ஐந்து கோஸ்டர்களை மேஜையைச் சுற்றி வைத்து, ஓரம் படிவதற்காக ஒவ்வொன்றின்மேலும் தண்ணீர் நிரம்பிய டம்ளரையும் வைத்து அழகு பார்த்தாள். ஆறாவது பைக்குள்ளேயே இருந்தது. கறை பட்டதை எதற்கு வைப்பது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

காலையில் அம்மா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடிவந்தாள். "அடியே... மேஜைக்கு முடி முளைச்சிருக்குடி!"

கோஸ்டர்களைப் பிய்த்தெடுத்த இடமெல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாக நூல் பிசிறுகள் பாலிஷுக்குள் புதைந்து நின்றன. அவள்தான் அவனுக்கு ஃபோன் செய்தாள். பழக்கதோஷம்... "ஒரு குறை இருக்கு சார்" என்று தொடங்கித் தொலைத்தாள்.

வந்து பார்த்தவன் திட்டவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சொன்னேனே... கேட்டீங்களா?"

"காஞ்சிருந்துச்சு."

"மேல."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! அம்மா ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடியும் தேய்த்து, மறுபடியும் பூசி... வேறு இடத்து வேலைகளுக்கு நடுவே தினம் ஒரு கோட்டிங் என்று வந்தான். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போதும் வேலை முடிந்திருக்காது. இவள் டீ போட்டுத் தருவாள். அவன் நின்றபடியே குடிப்பான்.

"உக்காந்து குடிக்கக் கூடாதா?"

"பழகிப்போச்சு. ஊர்ல இருக்கற மேஜைக்கெல்லாம் பாலிஷ் போடறேன்... என் ரூம்ல மேஜை கிடையாது. சாப்பாடுகூட அடுப்பு மேடைகிட்ட நின்னுக்கிட்டேதான்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஃபோனில் யார் யார் என்னென்ன திட்டினார்கள் என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். தன் குறையைக் கேட்கவும் ஒரு ஆள்... மூன்றாவது கோட்டிங்குக்குள் அவன் காலடிச் சத்தத்துக்குக் காது காத்திருக்கப் பழகிவிட்டது. வேண்டாம் மனமே, வேண்டாம் என்றாள். மனம் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது?

கடைசி நாள். சீக்கிரம் போக வேண்டும் என்று அவசர அவசரமாக மாடிப்படி ஏறி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அம்மாவின் குரல் தழுதழுத்தது.

"எனக்காகத்தான் தம்பி அவ இப்படி ஒத்தையா நின்னுட்டா. அவளைப் பார்த்தா பாவமா இல்ல?"

"பாவமாத்தாம்மா இருக்கு," என்றான் அவன்.

பாவமா? சிரித்ததும் பேசியதும் டீ குடித்ததும் எல்லாம் அதற்குத்தானா? ரத்தம் தலைக்கேற உள்ளே நுழைந்தாள்.

"வேலை முடிஞ்சுதா?"

"இப்பத்தான்... முடிஞ்சுது."

"அப்ப கிளம்பலாம். பரிதாபப்படறதுக்கு ஆள் வேணும்னு இங்க யாரும் கேக்கலை."

அவன் குனிந்து டின்களை எடுத்துக்கொண்டான். வாசல் தாண்டும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்... அந்தக் களைத்த கண்கள் அன்றைக்கு இன்னும் களைத்திருந்தன. "ஏண்டி இப்படி..." என்று அம்மா இழுத்தாள். இவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பின் பின்னிய கோஸ்டரெல்லாம் நிஜமாகவே கிண்ணமாகிவிட்டன. ஒன்றில் அம்மா பட்டனும் ஊக்கும் போட்டு வைத்துக்கொண்டாள். மேஜை பளபளவென்று கிடந்தது. அதில் அம்மா தெரிவாள், அவள் தெரிவாள்... காலி நாற்காலிகளும் தெரியும். காலையில் எழுவது, திட்டு வாங்குவது, திரும்புவது. படியேறும்போது மேலே டின் சத்தம் கேட்கிறதா என்று இன்னமும் நின்று கேட்கிற காதை என்ன செய்வது? பாவம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அவன் வந்தால் போதும் என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

மறுபடியும் ஒரு மழை. அதே நிழற்குடை. ஓரமாக அவன் நின்றிருந்தான். கையில் டின் இல்லை.

போய்விடலாமா என்று நினைத்தாள். கால் நகரவில்லை.

"டின் எங்க?"

"இன்னிக்கு வேலைக்குப் போகலை. மேஜை எப்படி இருக்கு?"

"முகம் தெரியுது."

"ரெண்டு கோட்டிங்லயே தெரிஞ்சிருக்கும்." தயங்கினான். "மூணாவது தேவையே இல்லைங்க."

"பின்ன ஏன் போட்டீங்க?"

"நீங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அங்க இருக்க ஒரு சாக்கு வேணும்ல..."

மழை இரைந்தது. அவளுக்கு அது காதில் விழவில்லை.

"அன்னிக்குப் பாவம்னு சொன்னீங்களே..."

"சொன்னேன். இல்லேங்கலை. நாளெல்லாம் திட்டு வாங்கிட்டு வந்து, வீட்டுக்காக உக்காந்து வானவில் பின்றீங்க... பாவம் இல்லாம வேற என்ன? நானும் பாவம்தாங்க. நின்னுக்கிட்டே சாப்பிடறவன். ரெண்டு பாவமும் ஒரே மேஜையில உக்காந்தா என்னன்னுதான் கேக்க வந்தேன்."

பஸ் வந்து நின்றது. நடத்துநர் பார்த்தார், விசிலடித்தார். பஸ் போயிற்று.

"நான் அம்மாவை விட்டுட்டு வர மாட்டேன்." குரல் உடைந்தது. "எத்தனை வருஷமானாலும் மாட்டேன்."

"உங்களை வரச் சொல்லலையே..." என்றான் மெதுவாக. "உங்க வீட்டுல நாலு நாற்காலி சும்மா கிடக்கு. ஒண்ணுல நான் வந்து உக்காந்துக்கவா?"

இத்தனை வருஷமும் எல்லோரும் எழுந்து போன மேஜை அது. வந்து உட்காருகிறேன் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றாமல் கைப்பையைத் திறந்து, அடியில் கிடந்த அந்த ஆறாவது கோஸ்டரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கிண்ணம் இல்லையே... தட்டையா இருக்கே!"

"அன்னிக்கு மட்டும் கை இறுகலை," என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு... அன்னிலேர்ந்தே பிடிச்சிருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். ஊதா வட்டத்தின் நடுவே ஒரு பழுப்புக் கறை. தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தான்.

"எனக்கே எனக்கா?" குரல் அவனுக்கும் சரியாக வரவில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள். "உங்க இடத்துல வைக்கணும்."