குலுங்காத பெட்டி

"இது என் பெட்டி இல்ல," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு, நாலு டம்ளர் டீ. நடுவில் ஒரு சிவப்பு அட்டைப்பெட்டி. மேலே அம்மாவின் பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தன. டேப் பிரிக்கப்படவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டியது, பூட்டினபடியே இருந்தது. அப்புறம் என்ன?

"வெள்ளிக்கிழமை வந்தப்ப காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தேன். உள்ள கலகலன்னு கேட்டுச்சு. இப்ப ஆட்டினா மூச்சே இல்ல."

சின்னவள் சிரித்தாள். "அம்மா, பெட்டிக்கு அங்க அடையாளம் வேற வெச்சிருக்கியா?"

அப்பா சிரிக்கவில்லை. கடையில் சரக்கு அடுக்க வேண்டும் என்று முனகிவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் அவருடைய மருந்துக்கடை.

நாலாவது டம்ளர் சித்தியுடையது. அம்மாவின் தங்கை, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். வாரம் முழுக்கத் திருடர்களோடு மல்லுக்கட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாக எதையாவது கொறிக்கலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தலையெழுத்து, வந்த இடத்திலும் ஒரு கேஸ்.

அந்தப் பெட்டி வேறு வீட்டில் வெறும் தின்பண்டம். இந்த வீட்டில் அப்படியில்லை. வேலைக்காக வெளிநாடு போன பெரியவள் வீட்டுக்கென்று கட்டிய சந்தா அது. மாதம் ஒரு பெட்டி, அத்தனையும் ஜப்பான் பண்டம். என்னென்ன வர வேண்டும் என்று சந்தா கட்டியவரே பொறுக்கிக்கொள்ளலாம். அம்மாவுக்குப் பயறுப் பூரணம் வைத்த கேக், சின்னவளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய், சர்க்கரை வியாதிக்காரரான அப்பாவுக்குக் கடற்பாசி சுற்றிய உப்பு பிஸ்கட் என்று பார்த்துப் பார்த்துப் போடுவாள். ஞாயிறு மாலை போனில் அவள் முகம் தெரிய, எல்லோரும் ருசி பார்த்து மார்க் போடுவார்கள். அப்பா எல்லாவற்றையும் குறை சொல்வார். சொல்லிவிட்டுத் தன் பிஸ்கட் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காமல் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்.

பிறகு ஒரு நாள் பெரியவள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்," என்று அப்பா போனை வைத்தார். அன்றோடு பேச்சும் நின்றது, பெட்டியும் நின்றது. அம்மா கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாதங்கள் போயின. வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், இந்தப் பெட்டி வந்தது. அம்மா உடனே பிரிக்கவில்லை. பழையபடி எல்லோரும் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும் என்று பூட்டி வைத்தாள்.

"அதுல என் பொண்ணு என்ன போட்டா, என்ன போடலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள் தங்கையிடம். "அவ மனசு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அதுல தெரிஞ்சிடும்."

சித்தி டம்ளரைத் தள்ளி வைத்தாள். முகவரிச் சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். அலை அலையாகச் சுருங்கியிருந்தது. ஆவி காட்டி உரித்து, வேறொன்றில் ஒட்டிய சீட்டு அப்படித்தான் இருக்கும்.

"பழைய பெட்டியெல்லாம் எங்க?"

"பரண்ல. உங்கக்கா ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டாளே," என்றாள் சின்னவள்.

"பீரோ சாவி?"

"ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம்."

"நேத்து வீட்ல யாரு?"

"அம்மா தையல்காரி வீட்டுக்குப் போயிட்டா. அப்பா கடை. நான் தூக்கம்."

"நீ எடுத்தியா?"

"நான் எடுத்திருந்தா பெட்டி இவ்வளவு கனமா இருக்குமா சித்தி?"

நியாயமான கேள்விதான். சித்தி டேப்பைக் கிழித்தாள்.

உள்ளே இண்டு இடுக்கில்லாமல் காகிதம் கசக்கி அடைத்திருந்தது. மேலாகக் கடற்பாசி பிஸ்கட், இரண்டு பொட்டலம். அதன் கீழே பயறு கேக். அதற்கும் கீழே கனமான மிட்டாய் டப்பா. அடியில் மெல்லிய வேஃபர், நசுங்கித் தூளாகிக் கிடந்தது. சித்தி ஒவ்வொன்றையும் திருப்பித் தேதி பார்த்தாள். பிஸ்கட் அடுத்த மாதம் காலாவதி. கேக் அதற்கடுத்த மாதம். மிட்டாய் வருடக் கடைசி. வேஃபர் அடுத்த வருடம்.

"கெட்டுப்போச்சா?" என்றாள் அம்மா.

"எல்லாம் நல்ல சரக்குதான். தின்பண்டத்தை எடுத்துட்டு, அதே மாதிரி தின்பண்டத்தையே யாராவது வெச்சிட்டுப் போவாங்களா? இரு, வந்துடறேன்."

மருந்துக்கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. அப்பா இருமல் மருந்து அலமாரியில் கை வைத்திருந்தார். பின்னாலிருந்த ஒரு பாட்டிலை எடுத்துத் தேதியைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நகர்த்தினார்.

"அது எதுக்கு மாமா முன்னாடி வெக்கிறீங்க?"

"சீக்கிரம் முடியறது முன்னாடி இருக்கணும். இல்லன்னா நஷ்டம்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன, தலைவலி மாத்திரையா?"

"இல்ல. அக்காவோட பெட்டி."

அப்பா குளிர்சாதனப் பெட்டியை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"நொறுங்கறதைப் போய் அடியில வெக்க எந்தக் கம்பெனிக்காரனுக்கும் மனசு வராது," என்றாள் சித்தி. "இதைக் கட்டின ஆளு கனத்தைப் பார்க்கல, தேதியைப் பார்த்திருக்காரு. சீக்கிரம் முடியறது மேல, நாளாகறது கீழ. யோசிச்சு செஞ்சதில்ல, கை பாட்டுக்கு செஞ்சது. இப்ப நீங்க அந்த பாட்டிலை நகர்த்தின மாதிரியே. அது மட்டுமில்ல, உப்பு பிஸ்கட் ரெண்டு. அந்தப் பொண்ணு எப்பவும் ஒண்ணுதான் போடும். கட்டினவருக்கு உங்க மேல அவ்வளவு அக்கறை."

அப்பா பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான்தான் மாத்தினேன்," என்றார். "இறக்குமதிக் கடையில வாங்கிட்டு வந்து, பரண்ல இருந்த பெட்டியில போட்டேன்."

"எதுக்கு?"

"அதுல எனக்கு ஒண்ணும் இருக்காதுமா." ஒரு பாட்டிலை நேராக்கி வைத்தார். "ஒரே பொண்ணுதான்னு சொன்னவன் நான். அவளாப் பொறுக்கிப் போடற பெட்டி. எல்லாரும் உக்காந்து பிரிச்சு, என் தட்டு மட்டும் காலியா இருந்தா, அதை நான் எப்படிப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"தைரியம் வரல. நேத்துலேர்ந்து பத்துத் தடவை கையில எடுத்துட்டேன்."

குளிர்சாதனப் பெட்டியில், இன்சுலின் அட்டைகளுக்குப் பின்னால், சிவப்பாக அது இருந்தது. சித்தி எடுத்து ஆட்டினாள். கலகலவென்றது.

வீட்டில் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பயறு கேக் வந்தது. ஒட்டும் மிட்டாய் வந்தது. தேன் தடவிய உருண்டை, பழப்பாகில் தோய்த்த வறுவல். சின்னவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். வேறொன்றும் விழவில்லை.

உப்பு பிஸ்கட் இல்லை.

"நான்தான் சொன்னேனே," என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இத்தனை மாதமும் மகளை நினைக்காத நாளில்லை என்பதை அந்த மேசையில் யாரிடமும் அவரால் சொல்ல முடியவில்லை.

அம்மாதான் பேசினாள். "நான் தினம் கூப்பிட்டேன். எடுக்கவே இல்ல. நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் கை நீட்டி ஒரு பயறு கேக்கை எடுத்து, உறையைப் பிரித்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, சர்க்கரை!" என்று சின்னவள் கத்தினாள்.

"அவ பொறுக்கினது," என்றார் வாய் நிறைய. இன்னொரு கையால் போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். சித்தி நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மணி ஒரு முறை அடித்தது. இரண்டாவது அடிப்பதற்குள் பெரியவளின் முகம் போனில் தெரிந்தது.

அப்பாவால் விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அப்பா?" என்றது போன். அவள் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். பிறகு, "வாய்ல என்னப்பா? இனிப்பா? யாரு குடுத்தா உங்களுக்கு?"

"நீதாம்மா," என்றார் அப்பா.