ஒட்டிய கதவு

"ஒட்டிட்டியா?"

"ஒட்டியாச்சுடி. மேல, கீழ, சாவித் துளை, எதையும் விடல. ஒரு கொசு நுழையாது."

"அப்ப நாளைக்கு என்னை நிம்மதியா அறுக்கலாம்ங்கிற."

"முதல்ல வாயைக் கழுவு."

மாடி வார்டில் படுத்திருந்த தங்கை போனில் சிரித்தாள். "எதைப் பார்த்தாலும் கழுவணும் உனக்கு, பினாயிலு." அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

அக்கா ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். அந்த அறையில் அறுவை முடிந்து போன இருவருக்கு அடுத்தடுத்துப் புண்ணில் சீழ் வைத்தது. இருவருமே வீடு திரும்பவில்லை. மேசையைத் துடைத்த பஞ்சைச் சோதனைக்கு அனுப்பியபோது, கிருமி வளர்க்கும் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் முளைத்தன. நாளை அதே மேசையில் தங்கை. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவே சுவர் முதல் விளக்கு வரை தேய்த்துக் கழுவி, உள்ளே ஆளில்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, ஃபார்மலின் புகை போட்டு, கதவு இடுக்குகளை வெளியிலிருந்து டேப்பால் அடைத்திருந்தாள். காலைவரை திறக்கக் கூடாது. திறந்தால் புகை போய்விடும், கிருமி தங்கிவிடும்.

கீழே டேப்பின் ஓரம் லேசாக எழும்பியிருந்தது.

கண்ணைக் கரிக்கும் நெடியும், ஆளற்ற நடைக்கூடத்தின் புழுக்கமும், எங்கோ உருளும் ஸ்ட்ரெச்சரின் கிறீச்சொலியும் சேர்ந்து தலையைக் கனக்க வைக்க, அவள் குனிந்து அதை அழுத்தித் தேய்த்தாள். விரலுக்கடியிலேயே மறுபடி எழும்பியது. உள்ளிருந்து நகத்தால் நெம்புவதுபோல.

பிறகு இருமல்.

உள்ளே.

"அக்கா... பினாயிலு... மூச்சு முட்டுது. திற."

தங்கையின் குரல். அக்காவின் கை தானாக டேப்பைப் பற்றியது.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றாள் தங்கை, போனில்.

பற்றிய கை நின்றது. பயத்தை முந்திக்கொண்டு கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

"ரெண்டு பேரை முழுங்கினது பத்தலையா? இப்ப அவ குரல் வேற வேணுமா உனக்கு? தலைகீழா நின்னாலும் திறக்க மாட்டேன். கிட அங்கேயே!"

டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒட்டியதன் மேலேயே ஒட்டினாள். மறுபடி. மறுபடி.

கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு கை பதிந்தது. விலகியது. பதிந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள். ஐந்து விரலாக, உள்ளங்கையாக. பார்க்கப் பார்க்கப் பெருகின. கண்ணாடியின் இந்தப் பக்கத்திலும் ஒரு புள்ளி.

அவள் கட்டைவிரல் டேப்பை விட்டு அசையவில்லை.

உள்ளே இருமல் நின்றது.

போனில் தொடங்கியது.

"அக்கா..." குரல் போனிலிருந்தும் கதவிலிருந்தும் ஒன்றாக வந்தது. "கொஞ்சமா... கதவைத் திறயேன்."