மிச்சமிருந்த கண்

துடைத்த பஞ்சு குப்பைக்கூடையில் விழுவதற்குள் வலது கண் மறுபடி நிறைந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். ஊரார் கண்வலியெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஆனால் இது கண்ணீராக வழியவில்லை. கெட்டியாக, மஞ்சளாக, உள்ளே அடைத்து வைத்ததை யாரோ பிதுக்கித் தள்ளுவதுபோல வந்தது.

வேலைக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தன் சீழைத் தானே எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவினாள். சாயமேற்றி, கழுவி, காயவைத்து, நுண்ணோக்கியில் இடது கண்ணை வைத்தாள். சீழணுக்களுக்குள் இளஞ்சிவப்புப் புள்ளிகள், பிளந்த காப்பிக்கொட்டையை முகத்தோடு முகம் வைத்தாற்போல, இரண்டிரண்டாக. பிறர் சில்லில் எத்தனையோ முறை பார்த்ததுதான். இதில் பெயர் எழுதக் கை வரவில்லை.

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார்.

"வெட்டை நோய்க் கிருமிம்மா, படுக்கையில ஒட்டிக்கறது. விட்டா ஒரே நாள்ல கருவிழிய ஓட்டை போட்டுடும். நல்லவேளை, இன்னும் புண் விழல. உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"கொஞ்ச நாளா நீர்க்கடுப்பு மேடம். உடம்புச் சூடுன்னார்."

"நல்ல சூடு! கையோட கூட்டிட்டு வா. அவருக்கு வைத்தியம் பண்ணாம உனக்கு மட்டும் பண்ணா, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதைதான். அந்த அழுக்குக் கை பட்டாப் போதும், இன்னொரு கண்ணும் போயிடும்."

இடுப்பில் ஊசி போட்டார்கள். கூடவே ஒட்டிவரும் வேறொரு கிருமிக்கு மாத்திரை. உப்புநீர் விட்டு விட்டுக் கண்ணைக் கழுவினார்கள். இடையில் கணவனுக்குப் போன் செய்தாள்.

"எவன்கிட்ட வாங்கிட்டு வந்து என் தலையில கட்டப் பாக்கற?" என்றான். வைத்துவிட்டான்.

பேருந்தில்தான் நினைவுக்கு வந்தது. சில நாளாக வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்தான். "என்ன, ஹீரோ ஷூட்டிங்குக்குக் கிளம்பியாச்சா?" என்று கேலிகூடச் செய்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. குளியலறையில் இருவருக்கும் ஒரே துண்டு.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பூட்டில்லை, விளக்குமில்லை. உள்ளே குழாய் திறந்து கிடந்து, நிரம்பி வழியும் வாளியிலிருந்து நீர் தரையில் பரவி அவள் பாதத்தைத் தொட்டது. காயாத துணியின் புளித்த வாடை. நடையில் கட்டியிருந்த கொடியில் வீட்டிலிருந்த துண்டுகளெல்லாம் தொங்கின. ஒன்று விலகி முகத்தில் உரசியது. அது தண்ணீரால் மட்டும் நனைந்ததல்ல. சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

"பல்பையெல்லாம் கழட்டிட்டேன்." கூடத்து இருட்டிலிருந்து அவன் குரல். "வெளிச்சம் ஊசி மாதிரி குத்துது."

நாற்காலியில் நிழலாக இருந்தான். கண்ணாடி போடவில்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வீங்கிய மேடுகள்.

"ஐயோ… எழுந்திருங்க. ஊசிதான். இப்ப போனாக்கூட…"

"போயி? உன் ஆஸ்பத்திரிக்காரங்க கூடி நின்னு சிரிக்கவா?"

"யாரும் சிரிக்க மாட்டாங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எதிர்ல நீ நிக்கறதே தெரியல எனக்கு." நாற்காலி நகர்ந்தது. "பேசிட்டே இரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஈரத்தில் பாதம் இழுபடும் சத்தம் அவளைக் கடந்து வாசலுக்குப் போனது. சாவி திரும்பியது. சத்தம் நின்றது.

மூச்சை அடக்கினாள். சுவர். மூலை. அதற்குமேல் இடமில்லை.

"உனக்கு ஒரு கண்ணுலதானே வந்திருக்கு?" மிக அருகில்.

கன்னத்தில் ஒரு விரல் பட்டது. வெதுவெதுப்பாக. பிசுபிசுப்பாக. வீங்கிய வலது இமையைத் தடவிப் பார்த்தது. இது இல்லை என்பதுபோல விலகியது.

மூக்கைத் தாண்டியது.